நறுமண ஆற்றங்கரையில் ஒரு நாள்

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலோரத்தில், வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. 1770-ஆம் ஆண்டில், கலகத்தினால் நிலைகுலைந்த குருமடம் ஒன்று வியட்நாம் பகுதிக் கடற்கரையினின்று கப்பலேறி வந்து இவ்வூரில் அடைக்கலம் புகுந்தது. அதனை நடத்தியவர் பாரிஸ் அந்நிய நாட்டு வேதபோதக சபையைச் சேர்ந்த பிஞோ தெ பெஹேன் என்னும் பிரெஞ்சுக் குரு. வியட்நாமிய மாணவர் சிலரின் துணையோடு அவர் வியட்நாமிய–இலத்தீன் அகராதி ஒன்றை எழுதி முடித்ததும் இவ்வூரிலேதான். 1774-ஆம் ஆண்டு பெப்ரவரி 24-ஆம் நாள் மயிலைச் சாந்தோமிலே அவர் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். பிற்காலத்தில் நாடிழந்து அலைந்த நுயென் ஆன் என்னும் இளவரசருக்கு அவர் உற்ற துணையானார். அவ்விளவரசரின் சிறு மகன் கான் என்பவனை அழைத்துக்கொண்டு புதுச்சேரி வழியாகப் பிரான்சு சென்று, 1787-இல் வெர்சேயில் உடன்படிக்கை செய்தார். புதுச்சேரி ஆளுநர் உதவ மறுத்தபோது, தனியார் பொருளுதவியைக்கொண்டு கப்பலும் ஆளும் திரட்டி, 1789-இல் இளவரசரிடம் திரும்பினார். அந்த நுயென் ஆன்தான் 1802-இல் ஜியா லாங் என்னும் பெயரோடு ஹுவே நகரில் முடிசூடி, நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆண்டவர்.

ஓர் ஆயரின் தோள்மீது ஏறி நின்று அரியணையை எட்டிய அரச குலம், ஏறத்தாழ முப்பதாண்டுகளில் கிறிஸ்தவர்களைக் கொல்லத் தொடங்கியது. இது எவ்வாறு நேர்ந்தது? நெடுநாளாக எங்கள் உள்ளத்தை உறுத்திய இக்கேள்வியோடுதான், கடந்த 2025-ஆம் ஆண்டு தவக்காலத்தில், மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, நாங்கள் பதினொருவர் ஹுவே நகரைக் காணச் சென்றோம்.

முதல் நாள் மாலையே தா நாங் நகர விடுதியில் எங்கள் கையில் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. ஒருநாட் பயணத்தில் காணவேண்டியவை அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன: கோட்டை, அரண்மனை, நண்பகல் உணவு, தியென் மூ மடம், மன்னர் கல்லறை, அங்காடி. ஹுவே உயர்மறைமாவட்டத்தின் பேராலயம் அதில் இல்லை. வழிகாட்டியாக வந்த இளம்பெண்ணிடம் இதனைக் கூறினோம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்காடியை விட்டுவிட்டால் நேரம் கிடைக்கும்" என்றார். எங்களுள் பெண்கள் இருவர் சற்றே முகம் வாடினர். எனினும் அவ்வாறே முடிவாயிற்று.

தா நாங்கிலிருந்து ஹுவேக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இடையே கடல்மேகக் கணவாய் எனப் பொருள்படும் ஹாய் வான் மலை குறுக்கிடுகிறது. முன்னாளில் பல்லக்கும் குதிரையும் ஏறி இறங்கிய அம்மலையை, 2005-இல் திறக்கப்பட்ட 6 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையின் வழியே சில நிமிடங்களில் கடந்தோம். தெற்கே வெயில், சுரங்கத்தைவிட்டு வெளிவந்ததும் வடக்கே தூறல்! வழிகாட்டி புன்னகையோடு நெகிழித் தாளாலான மழையங்கிகளை ஆளுக்கொன்றாக வழங்கினார். மாலைவரை எங்களைவிட்டு அவை நீங்கவில்லை.

ஹுவே நகரின் நடுவே ஓடும் ஆற்றுக்கு நறுமண ஆறு என்று பெயர். வடகரையிலே கோட்டை. ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர்ச் சுற்றளவுள்ள மதில், அதனைச் சூழ்ந்த அகழி, பத்து வாயில்கள். ஜியா லாங் காலத்தில், 1805-ஐ ஒட்டித் தொடங்கிய இப்பெரும்பணி, அவருடைய மகன் மின் மாங் காலத்தில், 1832-இல்தான் நிறைவெய்தியது. மதிலின் வடிவம் பிரெஞ்சுக் கோட்டை முறையைப் பின்பற்றியது. அம்முறை ஆயர் பிஞோவின் ஆட்களோடு வந்தது. உள்ளே நுழைந்தால் அனைத்தும் சீனப் பேரரசின் ஒழுங்கு. வெளிக்கோட்டை, அதனுள் அரச நகர், அதனுள்ளும் மன்னரின் குடும்பம் மட்டும் வாழ்ந்த செவ்வூதா நகர் என ஒன்றனுள் ஒன்றாக மூன்று அடுக்குகள்.

அரச நகரின் தெற்கு வாயிலுக்கு ஙோ மோன் என்று பெயர். நண்பகல் வாயில் என்பது பொருள். ஐந்து வழிகள் அதற்கு உண்டு. நடுவழி மன்னர்க்கு மட்டுமே உரியது; அதன் இருபுறமும் அதிகாரிகளுக்கு; ஓரத்து இரண்டும் படைவீரர், யானை, குதிரைகளுக்கு. மேலே ஐந்து பீனிக்ஸ் மண்டபம் எனப்படும் மாளிகை. அதன் நடுக்கூரைக்கு மட்டும் மன்னர்க்குரிய மஞ்சள் ஓடு, ஏனையவற்றுக்குப் பச்சை. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள், இதே மண்டபத்தில் நின்றுதான் கடைசி மன்னர் பாவோ தாய் அரச முத்திரையையும் வாளையும் புதிய அரசின் பேராளர்களிடம் ஒப்படைத்து முடிதுறந்தார். 13 மன்னர், 143 ஆண்டுகள்! அவ்வளவும் அன்று ஒரு பிற்பகலில் முடிந்தது.

தாய் ஹோவா என்னும் அரியணை மண்டபம் பெரும் திருப்பணிக்குப்பின் 2024-ஆம் ஆண்டு நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 80 மரத்தூண்கள், ஒவ்வொன்றிலும் பொன்வண்ண நாகம் சுற்றிக் கிடக்கிறது. புதிய அரக்கின் மணம் இன்னும் மாறவில்லை. எங்களுடன் வந்த தலைமையாசிரியை அம்மையார் ஓய்வு பெற்றவர். வகுப்பறைப் பழக்கம் இன்னும் அவரை விடவில்லை. "இந்த மண்டபத்துக்குள் நம் மறைச்சாட்சிகளுள் யாரேனும் நின்றதுண்டா?" என்று வழிகாட்டியிடம் வினவினார். அவரால் விடை கூற இயலவில்லை. நாங்களே கூறினோம்: மின் மாங் மன்னரின் மெய்க்காப்புப் படையில் தலைவராய் இருந்த புனித சின்னப்பர் டோங் வியெத் புவோங் இவ்வரண்மனையில் பணியாற்றியவர். மலைக்கோவில் ஒன்றைக் கண்டு வந்தாயா என்று மன்னர் கேட்டபோது, தாம் கிறிஸ்தவராதலால் செல்லவில்லை என்று அவர் மறைக்காமல் உரைத்தார். பதவி பறிக்கப்பட்டது, பின்பு சிறை. 1833-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. வழிகாட்டி தம் குறிப்பேட்டை எடுத்து இதை எழுதிக்கொண்டார். அன்று முழுவதும் அவர் செய்த செயல்களுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுவே.

அரச நகரின் தென்மேற்கு மூலையில் தே மியூ என்னும் முன்னோர் ஆலயம் உள்ளது. அதன் எதிரே முற்றத்தில் ஒன்பது வெண்கலக் கொப்பரைகள் நிற்கின்றன. 1835 முதல் 1837 வரை மின் மாங் வார்த்து நிறுவியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு டன்னுக்கு மேல் எடையுடையது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மன்னரின் பெயரால் விளங்குவது. அவற்றின் வயிற்றுப்புறத்தில் 162 உருவங்கள் புடைப்பாய் அமைந்துள்ளன: ஞாயிறு, திங்கள், மலை, ஆறு, கப்பல், பீரங்கி, யானை, நெல். இன்னும் உற்றுநோக்கினால் வெற்றிலையும் கமுகும் பலாவும் மாவும்! நம் வீட்டுக் கொல்லையே வெண்கலத்தில் நிற்பது போன்ற உணர்வு எங்களுக்கு உண்டாயிற்று. மூன்று பெரும் போர்கள் கடந்தும் ஒன்பதும் இடம்பெயராது நிற்கின்றன. ஒரு சிலவற்றின்மீது குண்டுச் சிதறல் பட்ட வடுக்கள் மட்டும் தெரிகின்றன.

முன்னோர் ஆலயத்தின் படியருகே ஒரு சிறு சிக்கல் எழுந்தது. உள்ளே மன்னர்களின் பீடங்கள், ஊதுவத்தி, பழங்கள், விளக்குகள். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து நாடுகடத்தப்பட்ட மூன்று மன்னர்களின் பீடங்களும் 1959-இல் அங்கே சேர்க்கப்பட்டன என வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் குழுவில் மூத்தவரான உபதேசியார் மட்டும் மிதியடியைக் கழற்றாமல் வெளியே நின்றுவிட்டார். "செத்த அரசர்களுக்குப் பூசை நடக்கும் இடம். நான் வரவில்லை. நீங்கள் போய் வாருங்கள்" என்றார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

ஆனால் எங்கள் கேள்விக்கு விடையில் ஒரு பகுதி அந்தப் படியிலேதான் இருந்தது. புதுச்சேரியிலும் பாரிசிலும் ஆயரோடு வளர்ந்த சிறுவன் கான், 1789-இல் நாடு திரும்பியபோது, முன்னோர் பீடத்தின் முன் மண்டியிட மறுத்துவிட்டான். தந்தையார் பெரிதும் மனம் வருந்தினார். முன்னோர்க்கு வணக்கம் செலுத்துவது அம்மக்களுக்குப் பெற்றோரை மதிப்பதன் தொடர்ச்சி. அதனை மறுப்பவன் மகனல்லன், மன்னனாகவும் தகுதியற்றவன். அக்காலத்திலோ திருச்சபை இத்தகைய சடங்குகளை முற்றிலும் தடுத்திருந்தது. பாப்பரசர் 14-ஆம் ஆசீர்வாதப்பர் 1742-இல் சீனச் சடங்குகளையும், 1744-இல் நம் தமிழகத்தைச் சார்ந்த மலபார்ச் சடங்குகள் எனப்பட்டவற்றையும் குறித்துக் கண்டிப்பான ஆணைகள் பிறப்பித்தார். தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி மதுரையில் தொடங்கிய வழக்கின் முடிவும், ஹுவே அரண்மனையில் ஒரு சிறுவன் மண்டியிட மறுத்ததும் ஒரே நூலில் கோத்தவை. கான் 1801-இல் அம்மைநோயால் இறந்தான். அவனுடைய மக்கள் ஒதுக்கப்பட்டு, மற்றொரு மனைவியின் மகனான மின் மாங் அரியணை ஏறினார். 1833-இல் அவர் கிறிஸ்தவ மறைக்கு எதிராகப் பொது ஆணை பிறப்பித்தார். அதே ஆண்டில் தெற்கே எழுந்த கலகத்தில் கிறிஸ்தவர் சிலர் சேர்ந்தமை அவருடைய ஐயத்தை உறுதியாக்கியது. கலகக்காரரின் கோட்டையில் பிடிபட்ட ஜோசப் மார்ஷான் என்னும் குருவை 1835-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இந்நகருக்கு அருகிலே சதை சதையாக அரிந்து கொன்றனர். தாம் கலகத்தில் பங்கு கொள்ளவில்லை என்று அவர் இறுதிவரை கூறினார்.

வேதகலாபனைக்கு மன்னர்களின் கொடுமையே முழுக் காரணம் என்று சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் கற்றோம். கொடுமை உண்மையே, அதை எவ்வகையிலும் குறைத்துக்கூற ஒண்ணாது. ஆயினும் அச்சமும் அதனோடு கலந்திருந்தது. அந்த அச்சத்திற்கு நம்மவரும் சிறிது எண்ணெய் வார்த்தனர் என்பதை அம்முற்றத்தில் நின்று எங்களால் மறுக்க இயலவில்லை. வியட்நாமியக் கத்தோலிக்கர் முன்னோர்க்கு மரியாதை செலுத்தலாம் என்று 1964-இல் உரோமை இசைவளித்தது. இதனை உபதேசியாரிடம் கூறியபோது, "இருக்கலாம். எனக்கு ஒரு வார்த்தை முன்னமே யாரும் சொல்லவில்லையே" என்றார். மழையங்கியின் விளிம்பிலிருந்து நீர் சொட்ட, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

செவ்வூதா நகரில் பெரும்பகுதி இன்று வெறும் புல்வெளி. 1947-ஆம் ஆண்டுத் தீயும் 1968-ஆம் ஆண்டுப் போரும் எஞ்சவிட்டவை மிகச் சில. அஸ்திவாரக் கற்களின்மேல் நடந்தபடி, இங்கே சமையற்கட்டு, இங்கே மருத்துவர் இருப்பிடம் என்று வழிகாட்டி கைகாட்டினார், நாங்கள் தலையசைத்தோம். கடைக்கோடியில் மட்டும் கியென் சுங் மாளிகை புத்தம் புதிதாய் ஒளிர்கிறது. 1920-களில் கட்டப்பட்டு, 1947-இல் இடிந்து, மீண்டும் எழுப்பப்பெற்று 2024-இல் திறக்கப்பட்டது. பீங்கான் துண்டுகளால் ஆன அதன் முகப்பு எங்கள் கண்ணுக்குச் சற்று மிகையாகவே தோன்றியது. ஆனால் அதனுள் வாழ்ந்த ஒரு பெண்மணியின் பொருட்டு அங்கே நெடுநேரம் நின்றோம்.

அவர் நாம் ஃபுவோங் அரசியார். தென்னாட்டுச் செல்வக் குடும்பமொன்றில் பிறந்த கத்தோலிக்கர். பிரான்சிலே கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்றவர். 1934-ஆம் ஆண்டு மார்ச்சில் பாவோ தாய் மன்னரை மணந்தார். மறைச்சாட்சிகளைக் கொன்ற குலத்தின் அரண்மனைக்குள் செபமாலையோடு ஒரு மருமகள்! அவையோர் பலர் முணுமுணுத்தனர். முந்திய மன்னர்களுள் பெரும்பாலோர் தம் மனைவியர்க்கு வாழ்நாளில் அளிக்காத அரசிப் பட்டம் அவருக்கு உடனே அளிக்கப்பட்டது. மன்னர்க்குரிய மஞ்சள் நிற உடையை அணியும் உரிமையும் கிடைத்தது. மக்கள் ஐவர். கணவரோ பிற பெண்களை நாடியவர். 1947-இல் மக்களோடு பிரான்சு சென்ற அரசியார், 1963-இல் அங்கே ஒரு சிற்றூரில் காலமானார். பாவோ தாய் 1988-இல், முதிய வயதில், பாரிசில் திருமுழுக்குப் பெற்றார். "அந்த அம்மாள் செத்து இருபத்தைந்து ஆண்டு கழித்து!" என்று தலைமையாசிரியை சொல்லிக்கொண்டார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

நண்பகல் உணவில் ஒரு வியப்பு காத்திருந்தது. ஹுவே நகரின் புகழ்பெற்ற உணவு மாட்டிறைச்சிச் சாற்றில் இட்ட அரிசி நூற்புட்டு. தவக்கால வெள்ளியாதலால் எங்களுக்கு அது ஆகாது என்று சொல்லத் தயங்கியிருந்தோம். வழிகாட்டியோ தாமும் இறைச்சி உண்பதில்லை என்றார். அன்று வியட்நாமியச் சந்திர நாட்காட்டியில் இரண்டாம் திங்களின் பதினைந்தாம் நாள். முழுநிலா நாளிலும் அமாவாசையை அடுத்த முதல் நாளிலும் பௌத்தர்கள் மரக்கறி உண்பது அங்கே வழக்கம். ஆக, ஒரே மேசையில் இருவேறு சமயத்தின் ஒறுத்தல்! சிறுசிறு பீங்கான் தட்டுகளில் ஆவியில் வேகவைத்த மெல்லிய அரிசிமா வில்லைகள் வந்தன. எங்களுடையவற்றில் உலர்ந்த இறால் பொடி தூவியிருந்தது. அவருடையவற்றில் அது இல்லை. நம் இட்டலிக்கு மிக மெலிந்த தங்கை என்று அதனைக் கூறலாம். எத்தனை தட்டு உண்டோமென்று எண்ணிக் கூறுவது ஒறுத்தலுக்கு இழுக்காகும்.

பிற்பகலில் தியென் மூ மடம் சேர்ந்தோம். 1601-இல் தோன்றியது; 1844-இல் எழுப்பிய ஏழுநிலைக் கோபுரம் ஆற்றை நோக்கி நிற்கிறது. மடத்தின் பின்புறம் ஒரு கொட்டகையில் நீல நிறப் பழைய ஆஸ்டின் மோட்டார் வண்டி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. திக் குவாங் டுக் என்னும் பௌத்த துறவி, 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், சைகோன் நாற்சந்தியில் தம்மைத் தாமே எரித்துக்கொள்ளச் சென்றது இவ்வண்டியில்தான்.

வழிகாட்டி காரணத்தை விளக்கத் தொடங்கி, எங்கள் கழுத்துச் சிலுவைகளைப் பார்த்துவிட்டுச் சொற்களைத் தேடினார். அவர் தயங்கியதன் காரணம் எங்களுக்குத் தெரியும். அப்போது தென்வியட்நாமின் அதிபர் நோ டின் டியெம், ஹுவே நகரக் கத்தோலிக்கக் குடும்பத்தவர். அவருடைய அண்ணனே ஹுவேயின் பேராயர். பேராயரின் ஆயர்ப்பட்ட வெள்ளிவிழாவில் பாப்பரசர் கொடிகள் பறந்தன. சில நாள் கழித்து, மே 8-ஆம் நாள், புத்தர் பிறந்தநாளில், பௌத்தர் தம் சமயக் கொடியை ஏற்றுவதற்குத் தடை வந்தது. வானொலி நிலையத்தின்முன் கூடிய மக்கள்மீது நடந்த தாக்குதலில் எட்டுப் பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். இதனை நாங்களே எடுத்துக் கூறியதும் அவர் முகம் தெளிந்தது. "அவ்வாறு சொல்லும் கத்தோலிக்கரை நான் அதிகம் பார்த்ததில்லை" என்றார். எங்களுக்கு அது புகழுரையாகப் படவில்லை. மறைச்சாட்சிகளின் நகரம் என்று தேடி வந்த இடத்தில், ஆட்சி நம்மவர் கையில் இருந்தபோது நடந்ததையும் கேட்டாக வேண்டியிருந்தது.

அடுத்து தூ டுக் மன்னரின் கல்லறைத் தோட்டம். 1864 முதல் 1867 வரை கட்டப்பட்டது. குளமும் தாமரையும் பைன் மரங்களுமாய், கல்லறை என்று கூறவே மனம் வராத அழகு. மன்னர் உயிரோடு இருக்கையிலேயே இங்கு வந்து, குளத்து மண்டபத்தில் அமர்ந்து கவிதை புனைந்தார். நூற்றுக்கு மேற்பட்ட மனைவியர். மகவு ஒன்றும் இல்லை. மகன் எழுத வேண்டிய கல்வெட்டை மன்னர் தாமே எழுதினார்: ஏறத்தாழ 5000 எழுத்துகள், 20 டன் எடையுள்ள கல். அதில் தம் குற்றங்களையும் நாட்டின் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்ததையும் ஒப்புக்கொள்கிறார். இங்குள்ள ஒவ்வொரு கட்டடத்தின் பெயரிலும் 'கியெம்', அதாவது பணிவு, என்னும் சொல் இருக்கிறது. இப்பணிவைக் கட்டுவதற்காக வேலை வாங்கப்பட்டவர்கள், துன்பம் தாளாது, 1866-இல் சுண்ணாம்பு இடிக்கும் உலக்கைகளை ஏந்திக் கலகம் செய்தனர் என்பதையும் வழிகாட்டி மறைக்கவில்லை.

இம்மன்னரின் அரண்மனைப் பட்டுத் தொழிலுக்கு மேலதிகாரியாய் இருந்தவரே புனித மிக்கேல் ஹோ டின் ஹி. குடும்பத் தலைவர், ஐந்து மக்களின் தந்தை. பதவிக்கு அஞ்சி நெடுங்காலம் தம் விசுவாசத்தை வெளிக்காட்டாமலே வாழ்ந்தார். நடுவயது கடந்தபின் மனம் மாறி, குருக்களுக்கும் ஏழைக் கிறிஸ்தவர்களுக்கும் மறைவில் துணைபுரிந்தார். பகைகொண்ட அதிகாரி ஒருவர் காட்டிக்கொடுக்க, 1857-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் நகர்ப்புறத்தே தலை வெட்டுண்டு இறந்தார். 1988-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் புனிதர் பட்டம் அளித்த 117 வியட்நாம் மறைச்சாட்சிகளுள் இவரும் ஒருவர். அஞ்சி ஒளிந்து, பிறகு துணிந்த இம்மனிதரை எங்களுக்கு மிகவும் நெருக்கமானவராக உணர்ந்தோம். அவரைக் கொல்ல ஒப்பிய மன்னரின் கல்வெட்டின்முன் நின்று, தம் பிழைகளின் பட்டியலில் இவர் பெயர் இருக்குமா என்று எங்களுள் ஒருவர் வினவினார். சீன எழுத்து, படிக்கத் தெரிந்தவர் எவரும் அருகில் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு ஃபூ காம் பேராலயத்தை அடைந்தோம். சிறு குன்றின்மேல், வெண்மையாய், ஒடுங்கி உயரும் நவீனக் கட்டடம். கலைஞர் ஙோ வியெத் தூ வரைந்த அமைப்பின்படி 1963-இல் தொடங்கியது. போரும் வறுமையும் இடையிட, 2000-ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. கர்தினால் பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான் 1928-இல் பிறந்தது இப்பங்கிலே. அதிபர் டியெமின் சகோதரி மகனான இவர், 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் கைது செய்யப்பட்டு, 13 ஆண்டுகள் விசாரணையின்றிச் சிறையிருந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று மருந்து என்று எழுதி அன்பர்கள் அனுப்பிய திராட்சை இரசத்தில் மூன்று துளியும் நீர் ஒரு துளியும் உள்ளங்கையில் ஏந்தி அவர் திருப்பலி நிறைவேற்றியதை வாசகர் பலர் அறிவர். 2002-இல் காலமானார்; 2017-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

ஆனால் அன்று மாலை எங்கள் நினைவை நிறைத்தது வேறு. 1968-ஆம் ஆண்டு, டெட் என்னும் புத்தாண்டு நாளில், வடவர் படையும் கெரில்லாக்களும் நகரைப் பிடித்தனர். மக்கள் இக்குன்றிலே ஆலயத்துள் தஞ்சம் புகுந்தனர். பெப்ரவரித் தொடக்கத்தில் இங்கிருந்து ஏறக்குறைய 400 ஆண்களும் வாலிபரும் அழைத்துச் செல்லப்பட்டனர், திரும்பவில்லை. அடுத்த ஆண்டு, நகருக்குத் தெற்கே காட்டோடை ஒன்றில் அவர்களுடைய எலும்புகள் கிடைத்தன. நகரை மீட்க வந்தவர்களின் பீரங்கியாலும் விமானக் குண்டுகளாலும் இறந்த பொதுமக்களும் எண்ணற்றோர்.

இங்கே வழிகாட்டி தாமாகவே பேசினார். தம் தந்தையின் தந்தை பள்ளி ஆசிரியர், பௌத்தர். அந்தப் புத்தாண்டின் மூன்றாம் நாள், அரிசி வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனவர். யார் கையால் இறந்தார், எங்கே இறந்தார், தெரியாது. இறந்த நாள் தெரியாததால், வீட்டைவிட்டுப் போன நாளையே திதியாகக் கொண்டு ஆண்டுதோறும் உணவு படைக்கிறார்கள். "எங்கள் தெருவில் அந்த வாரம் முழுவதும் வீட்டுக்கு வீடு படையல்தான். கத்தோலிக்கர் வீட்டிலும், எங்கள் வீட்டிலும். பாட்டி மட்டும் ஒவ்வோராண்டும் ஒரு கிண்ணம் சோறு தனியாக மூடி வைப்பார். தாமதமாக வந்தால் சாப்பிட" என்றார்.

ஆலயத்தினுள் வலப்புறம் மறைச்சாட்சிகளுக்கான பீடம் இருக்கிறது. இப்பங்கின் மகனான படைத்தலைவர் புவோங் அங்கே வணங்கப்படுகிறார். பீடத்தின்முன் ஊதுவத்திக் கிண்ணம். வழிகாட்டி தம் கைப்பையிலிருந்து மூன்று வத்திகளை எடுத்தார். காலையில் மடத்திற்கென வாங்கியதில் மீந்தவை. ஏற்றலாமா என்பதுபோல் எங்களைப் பார்த்தார். கதவு வழியே வந்த ஈரக்காற்றில் தீக்குச்சி இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை உபதேசியார் எழுந்து சென்று, தம் இரு கைகளையும் குவித்துச் சுடரை மறைத்துக்கொண்டார். வத்தி பற்றியது. ஒன்றை அவர் கேட்டு வாங்கிக் கிண்ணத்தில் நட்டார்.

"உங்கள் தாத்தா பெயர் என்னம்மா?" என்று கேட்டார். அவர் கூறினார். உபதேசியாரின் நாவுக்கு அது வசப்படவில்லை. மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லி, சரியாக உச்சரிக்கும்வரை விடவில்லை. பிறகு முழந்தாளிட்டு, இறந்த விசுவாசிகளுக்கான செபத்தைத் தமிழிலே தொடங்கினார். நாங்கள் பதில் கூறினோம். வெளியே ஓட்டுநர் இருமுறை ஒலி எழுப்பினார். ஹாய் வான் மலையில் மூடுபனி இறங்குமுன் கடந்துவிட வேண்டுமாம்.